விழும் பந்தும் வீட்டுச் சோதனையும்

பந்து ஒன்றேனும் இல்லாத வீடு நம் நாட்டில் அரிது. அலுமாரியின் அடியிலோ, கிணற்றடி மூலையிலோ, பழைய பாய்ச் சுருளின் உள்ளேயோ ஓர் இறப்பர்ப் பந்து ஒளிந்து கிடக்கும். பிள்ளைகள் ஓடியாடும் வீடாயின் நாலைந்து போளைகளும் அகப்படும். இவற்றைக் காலில் இடறும்போது நாம் சினந்து கொள்கிறோம். ஆயின், பௌதிகவியல் என்னும் பெரிய மாளிகையின் வாயிற் கதவைத் திறந்து வைத்தவை இத்தகைய உருண்டைகளே. அவற்றைக் கொண்டு ஒரு ஞாயிறு மாலையை எவ்வாறு பயனுறக் கழிக்கலாம் என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் உயர்தர வகுப்பிற் கற்கும் பிள்ளை இருப்பின், முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "தென்னை மரத்தில் ஒரே உயரத்திலிருந்து தேங்காய் ஒன்றும் குரும்பட்டி ஒன்றும் ஒரே கணத்தில் விடுபட்டால், எது முந்தி நிலத்தைத் தொடும்?" புவியீர்ப்பின் விதியைப் பரீட்சைத் தாளில் வழுவின்றி எழுதும் பிள்ளையும் இக்கேள்விக்குத் "தேங்காய்தான் வெகு முந்தி விழும்" என்று விடை கூறுவதைக் காணலாம். பிள்ளையைக் குறை கூறி ஆவதென்ன? ஏட்டில் உள்ள விதி நாவில் ஏறியிருக்கிறது. கண்ணும் காதும் இன்னும் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. அந்தச் சாட்சியைத் தேடித் தருவதே வீட்டுச் சோதனை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சோதனை என்பது இயற்கையிடம் நாம் தொடுக்கும் வினா. வினா தெளிவாக இருந்தாலன்றி விடை தெளிவாக வராது. ஆகவே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும் என்பதே சோதனை வகுப்போர் முதலிற் கற்க வேண்டிய பாடம். பாரம் விழுகையைப் பாதிக்கிறதா என்று அறிய விரும்பினால், பாரம் மட்டுமே வேறாக இருத்தல் வேண்டும். பருமன் ஒத்திருத்தல் வேண்டும். இறகையும் கல்லையும் ஒப்பிடுவோர் பாரத்தையும் வடிவத்தையும் ஒருங்கே மாற்றி விடுகின்றனர். பிறகு எது காரணம் என்று எப்படித் துணிவது?

இதற்கு ஏற்ற சோடி ஒன்று விளையாட்டுத் திடலிலேயே இருக்கிறது. கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 160 கிராம் நிறையுடையது. டெனிஸ் பந்தோ ஏறக்குறைய 58 கிராம்தான். பருமனில் இரண்டும் பெரும்பாலும் ஒத்தவை. ஒன்றரை மீற்றர் உயரத்தில் இரண்டின் அடிப்பாகமும் ஒரே மட்டத்தில் இருக்கப் பிடித்து, ஒரே கணத்தில் விடுங்கள். கண்ணை நம்ப வேண்டாம். கண்களை மூடிக்கொண்டு காதை நம்புங்கள். நிலத்தில் ஒரு பலகையை இட்டு வைத்தால் ஓசை தெளிவாகக் கேட்கும். "டொக்" என்று ஓர் ஓசையே கேட்கும். பாரம் மும்மடங்கிற்குச் சற்றுக் குறைவாக வேறுபட்டும், இரண்டும் ஒருங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

நிறுத்தற் கடிகாரத்தைக் கொண்டு இதை அளக்கலாகாதா என்று சிலர் வினவக்கூடும். ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் பந்து ஏறக்குறைய 0.55 செக்கனில் நிலத்தை அடைந்து விடுகிறது. கண்டதைக் கை உணர்ந்து பொத்தானை அழுத்துவதற்கே ஏறக்குறைய 0.2 செக்கன் செல்லும். அளக்கும் பொருளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அளப்பவனின் தாமதமே இருக்குமாயின் அந்த அளவை எதற்கு உதவும்? தராசின் தட்டிலேயே வியாபாரி கையை வைத்துக்கொண்டு நிறுப்பது போலாகும். இரு ஓசைகளை ஒப்பிடும்போது இந்தத் தாமதம் குறுக்கிடுவதில்லை. காதால் அறியும் முறையின் சிறப்பு இதுவே.

இந்த உபாயம் புதியதன்று. ஒல்லாந்து நாட்டில் சைமன் ஸ்ரெவின் என்பார், ஒன்று மற்றதைப் போற் பத்து மடங்கு பாரமான இரு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து பலகை மீது விழவிட்டு, இரண்டும் ஒரே ஓசையாக ஒலித்ததை 1586 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். கலிலியோ பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகளை விழவிட்ட கதையை எல்லாரும் அறிவர். அக்கதை அவருடைய மாணாக்கரான விவியானி எழுதிய வரலாற்றிலிருந்து வந்தது; அது நிகழ்ந்தபடியே சொல்லப்பட்டதா என்பதில் வரலாற்றாசிரியருக்கு ஐயம் உண்டு.

அடுத்து, பாரத்தை மாற்றாது வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரே கொப்பியிலிருந்து இரு தாள்களைக் கிழித்து, ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கி, மற்றதை விரித்தபடி விடுங்கள். உருண்டை நேரே வர, விரித்த தாள் ஆடி அசைந்து பின்தங்கி வரும். பிறகு அந்த விரித்த தாளை அதனிலும் அகன்ற புத்தகம் ஒன்றின் மேல் வைத்துப் புத்தகத்தை விழவிடுங்கள். காற்றைப் புத்தகம் விலக்கிக் கொடுக்க, தாளும் அதனுடன் ஒட்டியபடியே வந்து சேரும். தடுத்தது காற்றே என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கி விடும். தேங்காயும் குரும்பட்டியும் ஏறக்குறைய ஒருங்கே விழும் என்பதும், குரும்பட்டி சற்றே பிந்துமாயின் அதற்குக் காற்றே பொறுப்பு என்பதும் இப்போது வெளியாகும். காற்றே இல்லாத சந்திரனில், 1971 ஆம் ஆண்டு அப்பலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்கொட் ஒரு சுத்தியலையும் ஒரு பருந்தின் இறகையும் ஒருங்கே கைவிட்டார். இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டதை உலகமே கண்டது.

நூலிற் கட்டிய தாளம்

விழும் பொருள் ஒரே வேகத்தில் வருகிறதா, வரவர விரைகிறதா என்பது அடுத்த வினா. கலிலியோவுக்கு இதை அளக்கக் கடிகாரம் இல்லை. ஆகவே அவர் விழுகையை மெதுவாக்கினார். சாய்ந்த பலகையில் வெட்டிய தவாளிப்பில் வெண்கல உருண்டையை உருளவிட்டு, பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தைக் கணித்தார். 1638 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலில் இம்முறை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. நம் வீட்டில் அதனினும் எளிதான வழி ஒன்று உண்டு.

இரண்டு மீற்றர் நீளமான உறுதியான நூலொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான ஐந்து இரும்பு நட்டுகள் வேண்டும். நூலின் அடி நுனியில் ஒன்றைக் கட்டுங்கள். அதிலிருந்து 10, 40, 90, 160 சதமமீற்றர் தூரங்களில் மற்ற நான்கையும் கட்டுங்கள். வெறும் பிஸ்கட் தகரமொன்றைக் கவிழ்த்து வைத்து, அடி நட்டு அதன்மேல் மெல்லத் தொட்டு நிற்குமாறு வளர்ந்தவர் ஒருவர் நூலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துக் கைவிடட்டும். "டக், டக், டக், டக்" என்று நான்கு ஓசைகள், நட்டுவனார் தட்டுக்கழி போட்டாற் போல், ஒரே சீரான இடைவெளியிற் கேட்கும். ஒவ்வோர் இடைவெளியும் ஏறக்குறைய ஒரு செக்கனில் ஏழில் ஒரு பங்கு.

பிறகு நட்டுகளை அவிழ்த்து, 40, 80, 120, 160 சதமமீற்றர் என்று சம தூரங்களிற் கட்டி அவ்வாறே விழவிடுங்கள். இப்போது தாளம் சீராக இராது. ஓசைகள் வரவர நெருங்கி ஒன்றன்மேலொன்று விழும். ஏன்? ஒரு பங்கு நேரத்தில் 10 சதமமீற்றர் விழும் பொருள், இரு பங்கு நேரத்தில் 40, மூன்று பங்கில் 90, நான்கு பங்கில் 160 சதமமீற்றர் விழுகிறது. ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என்னும் இவ்வெண்கள், நேரம் வளர வளர தூரம் அதன் வர்க்கமாக வளர்கிறது என்பதைக் காட்டுகின்றன. ஒவ்வொரு பங்கிலும் தனித்தனியே கடந்த தூரத்தைப் பார்த்தால் 10, 30, 50, 70 என ஒற்றை எண்களின் வரிசை தோன்றும். கலிலியோவின் தந்தையார் பெயர்பெற்ற இசைவல்லுநர் என்பதை நினைக்கும்போது, இந்த விதியைத் தாளமாகக் கேட்பது பொருத்தமுடையதே அன்றோ!

மேசையிலிருந்து பாயும் போளை

இனி, எறியப்பட்ட பொருளின் பாதையைப் பார்ப்போம். இதற்கு வேண்டுவன ஒரு மேசை, ஒரு போளை, ஒரு பீலி, அடிமட்டம், நூல், தாள் என்பனவே. மூங்கிலொன்றை நெடுக்காகப் பிளந்து கணுக்களைச் சீவிவிட்டால் நல்ல பீலி கிடைக்கும். அதன் ஒரு முனையைப் புத்தக அடுக்கின்மேற் சாய்த்து, மற்ற முனை மேசை விளிம்பில் கிடையாகப் படுத்திருக்குமாறு சிறு வளைவோடு பொருத்த வேண்டும். மூங்கில் வளைய மறுத்தால், தடித்த மட்டையை மடித்து அந்தக் கடைசித் துண்டைச் செய்து ஒட்டலாம். முனை கிடையாக உள்ளதா என்று அறிய ஒரு வழி உண்டு: போளையை அங்கே வையுங்கள், அது எப்பக்கமும் உருளாமல் நிற்க வேண்டும்.

மேசை விளிம்பிலிருந்து நூலிற் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே நிலத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். தூரம் அங்கிருந்தே அளக்கப்படும். போளை விழும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேற் காபன் தாளை வைத்தால் விழுந்த புள்ளி பதியும். காபன் தாள் கிடையாதாயின் ஒரு தட்டத்திற் கோதுமை மாவை மெல்லியதாகப் பரப்பினாலும் போதும். போளையைக் கைவிரலால் தள்ளிவிடலாகாது. அடிமட்டத்தைக் குறுக்கே வைத்துத் தடுத்து, அதைச் சட்டென்று தூக்கி விடுதல் வேண்டும். தள்ளுகை ஒவ்வொரு முறையும் வேறுபடும். தடையை நீக்குதல் வேறுபடாது.

ஒரே உயரத்திலிருந்து பத்து முறை விடுங்கள். பத்துப் புள்ளிகளும் ஒரே இடத்தில் விழமாட்டா. சிறு கூட்டமாகப் பதியும். பிள்ளை இதைக் கண்டு சோர்வடையலாகாது. அக்கூட்டத்தின் அகலமே அச்சோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் கூறும் அளவுகோல். சராசரியை எடுத்து, அகலத்தையும் பக்கத்தில் எழுதச் செய்யுங்கள்.

பிறகு தொடங்கும் உயரத்தை மாற்றுங்கள். மேசைக்கு மேல் 5 சதமமீற்றர் உயரத்திலிருந்து விட்டபோது கிடைத்த தூரத்தைப்போல் இருமடங்கு பெறுவதற்கு 10 சதமமீற்றர் போதாது, 20 வேண்டும். மும்மடங்கிற்கு 45 வேண்டும். உயரம் நான்கு மடங்கானால் வேகம் இருமடங்காகிறது; போளை மேசையிலிருந்து நிலத்திற்கு விழும் நேரமோ மாறுவதில்லை. ஆகவே தூரமும் இருமடங்காகிறது. முன்னோக்கிய ஓட்டமும் கீழ்நோக்கிய விழுகையும் ஒன்றையொன்று தடைசெய்யாமல் தத்தம் வழியே நடக்கின்றன. அவ்விரண்டும் சேர்ந்து வரையும் வளைவே பரவளைவு.

குறைந்த பன்னிரண்டு சதமமீற்றர்

இந்த இடத்திலேதான் சோதனையின் உண்மையான பரீட்சை வருகிறது. பாடம் கற்ற பிள்ளை கணக்கிட்டுப் பார்க்க விரும்பும். மேசையின் உயரம் 75 சதமமீற்றர், தொடங்கிய உயரம் 20 சதமமீற்றர் எனக் கொள்வோம். உராய்வின்றி வழுக்கி வரும் பொருளாயின், இவ்விரு எண்களையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதை இரட்டித்தால் விழும் தூரம் வரும். அது ஏறக்குறைய 77 சதமமீற்றர். ஆனால் தாளில் உள்ள புள்ளிகளோ 65 அளவிலேயே, அல்லது அதற்கும் சிறிது குறைவாகவே நிற்கும். பத்து முறை செய்தாலும் 77 வராது.

இப்போது பிள்ளை என்ன செய்யும்? நம் பாடசாலைப் பழக்கம் அதற்கு ஒரு குறுக்கு வழியைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. விடை முன்பே தெரியும். ஆகவே அளவை விடைக்கு இசையத் திருத்தி விடலாம். கொப்பியில் 76.5 என்று எழுதினால் ஆசிரியர் சரி போடுவார். எத்தனையோ செய்முறைக் கொப்பிகள் இவ்வாறே நிரம்புகின்றன. இதைச் சிறு பொய் என்று பெற்றோரும் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை இழந்தது என்ன? குறைந்துபோன அந்தப் பன்னிரண்டு சதமமீற்றரில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. போளை வழுக்கி வரவில்லை, உருண்டு வந்தது. இறங்கும்போது பெற்ற சத்தியில் ஏழில் இரண்டு பங்கு தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்குச் செலவாகி, ஏழில் ஐந்து பங்கே முன்னோக்கி ஓடுவதற்கு மிஞ்சியது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 65.5 சதமமீற்றர் வரும். அதற்கும் சற்றுக் குறைந்தால் பீலியின் உராய்வு காரணமாகும். தன் கண் கண்ட 65 என்னும் எண்ணை மறைத்த பிள்ளை, சுழற்சியின் சத்தியைத் தானே கண்டுபிடிக்கும் பேற்றினை ஒரு சரிக் குறிக்காக விற்றுவிட்டது.

கலிலியோவின் கையெழுத்துத் தாள் ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ஏறக்குறைய 1608 ஆம் ஆண்டில் அவர் எழுதிய அத்தாள் புளோரன்ஸ் நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஸ்ரில்மன் டிரேக் என்னும் ஆராய்ச்சியாளர் 1973 ஆம் ஆண்டில் அதை உலகறியச் செய்தார். அதில் உள்ளது நாம் மேலே கூறிய இதே மேசைச் சோதனைதான். 300 அலகு உயரத்திலிருந்து விட்ட உருண்டை 800 அலகு தூரத்தில் விழுந்தது. அதைக்கொண்டு, 600 அலகு உயரத்திற்கு 1131 வரவேண்டும் என்று அவர் கணித்தார். அளந்தபோது வந்தது 1172. 800 அலகு உயரத்திற்குக் கணித்தது 1306, வந்தது 1328. 1000 அலகு உயரத்திற்குக் கணித்தது 1460, வந்தது 1500. அவர் எதையும் அழிக்கவில்லை, திருத்தவுமில்லை. வித்தியாசம் 41, வித்தியாசம் 22, வித்தியாசம் 40 என்று பக்கத்திலேயே எழுதி வைத்தார். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்தாளை நாம் நம்புவதற்குக் காரணம் அந்த மூன்று வித்தியாசங்களே.

தாய்மார்களே, தந்தைமார்களே, நம் வீடுகளில் ஆய்வுகூடம் இல்லை என்று வருந்த வேண்டாம். ஆய்வுகூடத்தின் உயிர் கண்ணாடிப் பாத்திரங்களில் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதும் கையிலே இருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் பிள்ளை வீட்டிலே கற்குமாயின், பிற்காலத்தில் வைத்தியராய் மருந்தின் அளவை எழுதும்போதும், பொறியியலாளராய்ப் பாலத்தின் பாரத்தைக் கணிக்கும்போதும், கணக்காளராய் ஏட்டில் ஒப்பமிடும்போதும் அது கைகொடுக்கும். இன்று 65 ஐ 77 ஆக்கும் கை, நாளை எதை எதாக்கும் என்று யார் அறிவார்?

செய்யுமுன் சில சொற்கள்

வீட்டிற் கைத்தொலைபேசி இருப்பின் அதையும் துணைக்கழைக்கலாம். இறப்பர்ப் பந்தை விழவிட்டு, அது துள்ளும் ஓசையைப் பதிவு செய்து, முதலிரு ஓசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை ஒலி அலையின் படத்திற் பாருங்கள். அந்நேரத்தை வர்க்கித்து 122 ஆற் பெருக்கினால், பந்து துள்ளியெழுந்த உயரம் சதமமீற்றரில் வரும். 0.7 செக்கனாயின் ஏறக்குறைய 60 சதமமீற்றர். சுவரில் அடையாளமிட்டு நேரிலும் அளந்து, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கலாம்.

விடையை முந்திக்கொண்டு கூறாதீர்கள். சோதனைக்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதி வைக்கட்டும். அப்பாவும் எழுதட்டும், அம்மம்மாவும் சொல்லட்டும். ஊகம் பிழைத்தவரைக் கேலி செய்யலாகாது. கிரிக்கெட் பந்தை விடும்போது பாதங்களை விலக்கிக்கொள்ளுங்கள். வாயில் எதையும் போடும் பருவத்துக் குழந்தைகளைப் போளைகளுக்கும் நட்டுகளுக்கும் அருகே விடாதீர்கள். முடிந்ததும் போளைகளை எண்ணி எடுத்து வையுங்கள். விடியற்காலையில் விளக்கேற்ற எழும் முதியவர் அவற்றில் வழுக்கி விழும் சோதனை நமக்கு வேண்டாம்.

இறுதியாக, இவ்வாரத்திற்கு ஒரு வினா. மேசை விளிம்பில் ஒரே அளவான இரு நாணயங்களை வையுங்கள். ஒரே கணத்தில் ஒன்றை மெல்லத் தட்டி நேரே கீழே விழச் செய்து, மற்றதை வலுவாகச் சுண்டித் தொலைவிற் பாயவிட வேண்டும். இரண்டையும் ஒருங்கே தட்டுவதற்கு ஓர் அடிமட்டத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பிள்ளையே சிந்திக்கட்டும். தூரப் பயணம் சென்ற நாணயம் பிந்தி விழுமா, முந்தி விழுமா, ஒருங்கே விழுமா? முதலில் ஊகத்தை எழுதுங்கள். பிறகு கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். கேட்டதையே எழுதுங்கள்.